பார்ட் டூ ஆர்டர்

எங்கள் ஆயாவுக்கு இந்திய ராணுவத்தின் ஆவணங்களில் இருந்த பெயர் பாப்பா. ரேஷன் கார்டு, வாக்காளர் அட்டை, ஆதார், நூறு நாள் வேலை அட்டை எல்லாவற்றிலும் இருப்பது வேறு பெயர், குலதெய்வத்தின் பெயர். பாப்பா என்று அவரைக் கூப்பிட்டவர் உலகத்தில் ஒரே ஓர் ஆள், என் தாத்தா. 2019 ஜனவரியில், காணும் பொங்கல் முடிந்து மூன்றாம் நாள், கச்சிராயபாளையத்துக்குப் பக்கத்தில் கல்வராயன் மலை அடிவாரத்தில் இருக்கும் எங்கள் ஊரில், திண்ணையில் உட்கார்ந்தபடியே அவர் போய்விட்டார். அடுத்த மாதம் குடும்ப ஓய்வூதியம் கேட்டு ஆயாவை வங்கிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். கவுண்டரில் இருந்த பெண் பிபிஓ-வைப் பார்த்தார், ஆதாரைப் பார்த்தார், ஆயாவைப் பார்த்தார்.

"பாப்பாங்கிறவங்க யாருங்க?"

"நாந்தாம்மா. அவுரு என்னை அப்டித்தான் கூப்புடுவாரு."

அந்தப் பெண் சிரித்தார், நல்ல மாதிரியாகத்தான். ஆனால் கணினி சிரிக்காது. இரண்டு பெயரும் பொருந்தினால்தான் அடுத்த திரை வரும். நான் வேலை செய்வது டேட்டாபேஸ்களில். பழைய கணக்குகளைப் புதிய அமைப்புக்கு மாற்றுவதுதான் பத்து வருஷமாக என் பிழைப்பு. பொருந்தாத வரிகளை ஒதுக்கித் தனிக் கோப்பில் போடும் நிரல்களை நானே எத்தனையோ எழுதியிருக்கிறேன். அப்படி ஒதுக்கப்பட்ட வரி ஒன்று கண்டாங்கிச் சேலை கட்டி, மஞ்சள் பையோடு என் பக்கத்தில் நின்றதை அன்றுதான் பார்த்தேன்.

அதற்குப் பிறகான இரண்டரை வருஷத்தில் ராணுவ ஆவணங்கள் எப்படி உருவாகின்றன, எப்படித் தப்பாகின்றன, யார் எப்படித் திருத்துகிறார்கள் என்று படிக்க வேண்டி வந்தது. முதலில் ஆயாவுக்காக. பிறகு விடமுடியாமல்.

*

தாத்தா பட்டாளத்துக்குப் போனது 1962 கடைசியில், சீனப் போர் தோல்வியின் சூட்டோடு. அந்தப் போருக்குப் பிறகு இந்திய ராணுவத்தின் பலத்தை 8,25,000 பேராக உயர்த்தத் திட்டமிட்டார்கள். ஊர் ஊராக ஆள் எடுத்தார்கள். கள்ளக்குறிச்சிக்கு நடந்தே போய், வரிசையில் நின்று, மார்பளவு கொடுத்து, எடை பார்த்து, மூன்று நாளில் ரயில் ஏறிவிட்டதாகத் தாத்தா சொல்லுவார். பிறந்த தேதி கேட்டிருக்கிறார்கள். இவருக்குத் தெரிந்ததெல்லாம், ஆடி மாதம், செவலை மாடு கன்று போட்ட வாரம். எழுதிக்கொண்டவர் ஆளை ஏற இறங்கப் பார்த்து ஒரு வருஷத்தைப் போட்டு, ஜூலை 1 என்று தேதியையும் போட்டுவிட்டார். அந்தத் தலைமுறை ஆட்களின் சான்றிதழ்களை வரிசையாக அடுக்கிப் பார்த்தால், தமிழ்நாட்டில் பாதிப் பேர் ஜூன் 1-லும் ஜூலை 1-லும் பிறந்த மாதிரி இருக்கும்.

பாப்பா வந்த கதை வேறு. ஆறேழு வருஷம் கழித்து விடுப்பில் வந்தவருக்குக் கல்யாணம் முடித்து அனுப்பினார்கள். யூனிட்டுக்குத் திரும்பியதும் கிளார்க்கிடம் போய்ச் சொல்ல வேண்டும். ராணுவத்தில் ஒவ்வொரு பிரிவும் ஆணைகளை இரண்டு பகுதியாக வெளியிடும். முதல் பகுதியில் பயிற்சி, காவல் முறை, பொது அறிவிப்பு. இரண்டாம் பகுதியில் தனி ஆளைப் பற்றியவை: விடுப்பு, பதவி உயர்வு, மருத்துவமனையில் சேர்ந்தது, கல்யாணம், பிள்ளை பிறந்தது, பிள்ளை செத்தது. இதுதான் பார்ட் டூ ஆர்டர். இதன் பிரதி ரெக்கார்ட் ஆபீசுக்குப் போகும், சம்பளக் கணக்குக்குப் போகும். கிண்ட்ரெட் ரோல் என்கிற குடும்பப் பட்டியலில் மனைவி பெயர் ஏறுவது இதைப் பார்த்துத்தான். பார்ட் டூ ஆர்டரில் வராத கல்யாணம், ராணுவத்தைப் பொறுத்தவரை நடக்காத கல்யாணம்.

கிளார்க் கேட்டிருக்கிறார், மனைவி பெயர் என்ன. கல்யாணமாகி இருபது நாள் ஆன பையன், நாலு பேர் பார்த்துக்கொண்டிருக்க, "பாப்பா" என்று சொல்லியிருக்கிறான். கிளார்க் தமிழர் இல்லை. கேட்டதை அடித்துவிட்டார்.

இதில் யாருடைய தப்பு என்று நான் பல இரவு யோசித்திருக்கிறேன். கிளார்க் பொய் எழுதவில்லை. தாத்தா பொய் சொல்லவில்லை. அவருக்கு அவர் மனைவியின் பெயர் அதுதான்.

இந்த மாதிரித் தப்புகள் சிப்பாய்களோடு நிற்பதில்லை. ஜெனரல் வி.கே. சிங் கதை பலருக்கு நினைவிருக்கும். 2010 மார்ச் 31 முதல் 2012 மே 31 வரை ராணுவத் தலைமைத் தளபதியாக இருந்தவர். பள்ளிச் சான்றிதழ்படி அவர் பிறந்தது 1951 மே 10. ஆனால் பதினைந்து வயதை ஒட்டிய பையனாகத் தேசியப் பாதுகாப்பு அகாடமிக்கு நிரப்பிய விண்ணப்பத்தில் 1950 மே 10 என்று இருந்தது. ராணுவத் தலைமையகத்திலேயே ஒரு பிரிவு 1951 என்று வைத்திருந்தது. பதவி உயர்வுகளைப் பார்க்கும் இன்னொரு பிரிவு 1950 என்று வைத்திருந்தது. இரண்டு மேசை, இரண்டு தேதி, நாற்பது வருஷம். எங்கள் தொழிலில் இதற்குப் பெயர் உண்டு: ஒரே உண்மைக்கு இரண்டு மூலம். அப்படி வைக்காதே என்று முதல் வாரமே சொல்லித்தருவோம். பிறகு எல்லோரும் அப்படித்தான் வைப்போம்.

அவர் உச்ச நீதிமன்றம் போனார். பதவியில் இருக்கும் தலைமைத் தளபதி தன் அரசை எதிர்த்துப் போன வழக்கு. 2012 பிப்ரவரி 10 அன்று நீதிபதிகள் லோதாவும் கோகலேயும் சொன்னதன் சாரம் இது: நீங்கள் உண்மையில் எப்போது பிறந்தீர்கள் என்பது எங்கள் முன் உள்ள கேள்வி அல்ல, பணி ஆவணம் எந்தத் தேதியை ஏற்றுக்கொண்டது என்பதுதான் கேள்வி. அவர் மனுவைத் திரும்பப் பெற்றுக்கொண்டார், மே மாதம் ஓய்வு பெற்றார். பதின்மூன்று லட்சம் பேர் கொண்ட படையின் தலைவருக்கே இதுதான் பதில் என்றால், செவலை மாடு கன்று போட்ட வாரத்தில் பிறந்தவருக்கு என்ன கிடைக்கும்?

எனக்கு அந்தத் தீர்ப்பு முதலில் எரிச்சலாக இருந்தது. இப்போது அது நேர்மையான பேச்சு என்று தோன்றுகிறது. ஆவணம் பிறப்பைப் பதிவதில்லை, தன்னிடம் சொல்லப்பட்டதைப் பதிகிறது. பாதி வழக்குகள் இதை ஒத்துக்கொள்ளாததால் வருகின்றன.

*

ஒரு படைவீரனைப் பற்றிய பதிவு எங்கள் பக்கத்தில் காகிதத்துக்கு முன்பே இருக்கிறது. கல்வராயனுக்கு வடக்கே செங்கம் பகுதியில் நடுகற்களை வயல் வரப்பிலும் ஏரிக்கரையிலும் பார்க்கலாம். 1970-களின் தொடக்கத்தில் தமிழ்நாடு தொல்லியல் துறை அவற்றைத் தேடித் தொகுத்தது. பல கற்களின் வாசகம் ஒரு படிவம் மாதிரியே இருக்கும்: எந்த அரசனுக்கு எத்தனையாவது ஆட்சியாண்டு, யாருடைய சேவகன், எந்த ஊர்த் தொறு, யார் கவர்ந்தது, மீட்டுப் பட்டவன் பெயர். தொறு என்றால் மாட்டு மந்தை. பட்டான் என்றால் செத்தான். தேதி, பிரிவு, நடவடிக்கை, பெயர், முடிவு. பார்ட் டூ ஆர்டருக்கு இதைவிட என்ன வேண்டும்?

எடுத்தனூரில் ஒரு கல் இருக்கிறது. மகேந்திரவர்மனின் 34-ஆவது ஆட்சியாண்டு, ஏழாம் நூற்றாண்டு. கருந்தேவகத்தி என்ற வீரன் தொறு மீட்கப் போய்ப் பட்டான். அவன் பக்கத்தில் அவனுடைய நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. நாயின் பெயர் கோவிவன். இரண்டு கள்ளரைக் கடித்துவிட்டுக் காவல் நின்றது என்று கல்லில் தனியாக வெட்டியிருக்கிறார்கள். நாய்க்கும் பெயர், நாய்க்கும் பணிப் பதிவு.

இதைப் படித்த அதே வாரத்தில்தான் பாஸ்ரா நினைவுச் சின்னம் பற்றியும் படித்தேன். முதல் உலகப் போரில் மெசபடோமியாவில் செத்து, கல்லறை தெரியாமல் போன 40,000-க்கும் மேற்பட்டவர்களுக்காக 1929-இல் திறக்கப்பட்டது. பிரிட்டிஷ்காரன் கடைநிலைச் சிப்பாயாக இருந்தாலும் பெயர் உண்டு. இந்தியர்களில் அதிகாரிகளுக்குப் பெயர் உண்டு. மற்ற இந்தியச் சிப்பாய்களுக்கு ரெஜிமெண்ட் பெயருக்குக் கீழே ஒரு எண்ணிக்கை. இத்தனை பேர், அவ்வளவுதான். அந்தப் போர்முனையில் நம்முடைய மதராஸ் சாப்பர்ஸ் படைப்பிரிவும் இருந்தது.

தொலைந்துபோன காகிதத்தால் மட்டும் வந்த குறை இல்லை இது. 2021 ஏப்ரலில் காமன்வெல்த் போர்க் கல்லறைகள் ஆணையம் தன் சொந்த வரலாற்றை ஆராய்ந்து ஓர் அறிக்கை வெளியிட்டது. முதல் உலகப் போரில் செத்தவர்களில் 45,000 முதல் 54,000 பேர் வரை சமமில்லாத முறையில் நினைவுகூரப்பட்டார்கள். குறைந்தது 1,16,000 பேர், ஒருவேளை 3,50,000 பேர் வரை, பெயரோடு நினைவுகூரப்படவில்லை, அல்லது நினைவுகூரப்படவே இல்லை. பெரும்பாலும் ஆப்பிரிக்கர்கள், இந்தியர்கள், எகிப்தியர்கள். அன்றைய அதிகாரிகளின் இன மனோபாவம் இதற்குக் காரணம் என்று அறிக்கை ஒத்துக்கொண்டது. ஆணையம் மன்னிப்புக் கேட்டது, பிரிட்டிஷ் பாதுகாப்பு அமைச்சர் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார். நூறு வருஷம் கழித்துப் பெயர்களைத் தேடிச் சேர்க்கும் வேலை நடக்கிறது.

தாத்தாவைக் கிளார்க் எண்ணாக்கிவிடவில்லை, பெயரோடுதான் எழுதினார் என்று அன்றைக்கு ஒரு சமாதானம் வந்தது எனக்கு. அற்பச் சமாதானம்தான்.

*

ஆயாவின் மனு முதலில் விழுப்புரம் மாவட்டத்து முன்னாள் படைவீரராகப் போனது. நோட்டரி முன் உறுதிமொழிப் பத்திரம், பாப்பாவும் இவரும் ஒருவரே என்று தாசில்தார் சான்று, இரண்டு பத்திரிகைகளில் விளம்பரம். விளம்பரத்தை ஆயாவுக்குப் படித்துக் காட்டினேன். "ஊருக்கெல்லாம் தெரியணுமா இது?" என்று கேட்டார். அவர் கூச்சப்பட்டு நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

ஐந்து மாதம் கழித்து ஓர் அலுவலகத்திலிருந்து கேள்வி வந்தது. மனைவி என்ற இடத்தில் தந்தை என்று எழுதப்பட்டிருப்பதாகத் தெரிகிறது, தெளிவுபடுத்தவும். புரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது. இந்தி பேசுகிற யாரோ ஆங்கிலத்தில் அடிக்கப்பட்ட பாப்பாவைப் படித்திருக்கிறார். அவருக்குப் பாப்பா என்றால் அப்பா. நாங்கள் சிரித்ததில் ஆயாவுக்கு இருமல் வந்துவிட்டது. பதில் எழுதினோம்: தமிழில் பாப்பா என்றால் குழந்தை. எழுதியபிறகு இன்னொரு பயம் வந்தது, மகளா என்று கேட்டுவிடுவார்களோ என்று.

அடுத்த கேள்வி மாவட்டம் பற்றியது. தாத்தா சேர்ந்தபோது எங்கள் ஊர் தென்னாற்காடு மாவட்டம். 1993 செப்டம்பரில் அதைப் பிரித்தபோது விழுப்புரம் இராமசாமி படையாட்சியார் மாவட்டம். 1997-இல் மாவட்டங்களுக்கு வைத்த தலைவர்கள் பெயரை எல்லாம் எடுத்தபோது வெறும் விழுப்புரம். மனு போய்க்கொண்டிருக்கும்போதே, 2019 நவம்பர் 26-இல், கள்ளக்குறிச்சி தனி மாவட்டம் ஆகிவிட்டது. வீடு ஓர் அடி நகரவில்லை. ஆவணத்தில் ஒரு மாவட்டம், மனுவில் ஒரு மாவட்டம், புதிய சான்றில் ஒரு மாவட்டம். யாருமே தப்புச் செய்யாமல் ஆவணம் தப்பாகிவிடும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

பாதுகாப்புத் துறையின் ஓய்வூதியக் கணக்கு அலுவலகம் இருப்பது அலகாபாத்தில், இப்போது பிரயாக்ராஜ். இடத்தின் பெயர் திரௌபதி காட். கடித உறையில் அந்த முகவரியைப் படித்துச் சொன்னதும் ஆயா கன்னத்தில் போட்டுக்கொண்டார். எங்கள் பக்கம் ஊருக்கு ஊர் திரௌபதி அம்மன் கோயில், பாரதக் கூத்து, தீமிதி. உளுந்தூர்பேட்டைக்குப் பக்கத்தில் கூவாகம் எங்கள் மாவட்டத்தில்தான் இருக்கிறது. பாரதப் போருக்காகப் பலியான அரவானுக்குச் சித்திரையில் திருநங்கைகள் தாலி கட்டிக்கொண்டு, மறுநாள் அறுத்துக்கொண்டு அழுகிறார்கள். அங்கே யாரும் ஒரே நபர் சான்று கேட்பதில்லை.

"அம்மா பார்த்துக்குவா" என்றார் ஆயா. அம்மா பார்த்துக்கொண்டிருக்கும்போதே கொரோனா வந்தது.

*

ஊரடங்கில் ஊரில் இருந்தேன். லேப்டாப்பைத் திண்ணையில் வைத்து வேலை, மாலையில் தாத்தாவின் இரும்புப் பெட்டி. அப்போதுதான் மலைக்காரரின் மகன் வந்தார்.

மலைக்காரர் என்று எங்கள் வீட்டில் சொன்னது தாத்தாவோடு ஒரே நாளில் பட்டாளத்தில் சேர்ந்த ஒருவரை. கரியாலூருக்கும் மேலே ஒரு சின்னக் குடியிருப்பைச் சேர்ந்த மலையாளிப் பழங்குடி. தேனும் கடுக்காயும் விற்க அடிவாரத்துக்கு வந்த இடத்தில் தாத்தாவோடு பழக்கம். ஒன்பது வருஷம் இருந்துவிட்டு வந்துவிட்டார். பதினைந்து வருஷம் முடித்தால்தான் ஓய்வூதியம் என்பதால் அது கிடையாது. 1991-இல் செத்துப்போனார். அவர் மனைவிக்கு வயது எழுபதைத் தாண்டிவிட்டது. ஓய்வூதியம் இல்லாத, ஹவில்தார் நிலை வரைக்குமான முன்னாள் படைவீரர்களின் விதவைகளுக்கு, 65 வயதுக்கு மேல் அப்போது மாதம் 4,000 ரூபாய் வறுமை உதவி கிடைத்தது. அதை யாரோ அவர் மகனிடம் சொல்லியிருக்கிறார்கள்.

டிஸ்சார்ஜ் புக் கரையான் தின்றுவிட்டது. ரெக்கார்ட் ஆபீசுக்கு எழுதிக் கேட்டிருக்கிறார். விதிப்படி வந்த பதில்: ஓய்வூதியம் இல்லாதவர்களின் பணி ஆவணங்கள் 25 வருஷம் வைத்திருந்து அழிக்கப்படும், அழிக்கப்பட்டுவிட்டன. மிஞ்சுவது லாங் ரோல் என்கிற நிரந்தரப் பேரேடு. அதில் ஒரு வரி. எண், பெயர், தகப்பன் பெயர், சேர்ந்த தேதி, விலகிய தேதி, ஊர். ஊர் என்ற இடத்தில் எங்கள் ஊர்.

எப்படி என்று யூகிக்கக் கஷ்டமில்லை. இரண்டு பேரும் வரிசையில் அடுத்தடுத்து நின்றிருப்பார்கள். மலைக்குடியிருப்பின் பெயரை எழுதுபவரால் பட்டியலில் கண்டுபிடிக்க முடிந்திருக்காது. முன்னால் நின்றவனின் ஊரையே போட்டிருப்பார்.

கல்வராயன் மலையின் நிலைமை அப்படி. சடையக் கவுண்டர், குரும்பக் கவுண்டர், ஆரியக் கவுண்டர் என்று மூன்று ஜாகிர்தார்களின் கையில் இருந்த மலை. கிருஷ்ணதேவராயர் கொடுத்த செப்பேடு என்று அவர்கள் உரிமைக்கு ஒரு கதை சொல்லப்படுகிறது. மற்றவர்கள் காகிதமே இல்லாமல் இருந்த இடத்தில் ஜாகிர்தாருக்குச் செப்பேடு. நாடு விடுதலையாகி 29 வருஷம் கழித்து, நெருக்கடி நிலையின் முதலாம் ஆண்டு நிறைவன்று, 1976 ஜூன் 25-இல்தான் மலை அரசின் கைக்கு வந்தது. 2024-இல் கருணாபுரம் கள்ளச்சாராயச் சாவுகளுக்குப் பின் சென்னை உயர் நீதிமன்றம் மலை மக்களின் நிலை பற்றித் தானாகவே வழக்கு எடுத்தது. இந்த மக்கள் முதன்முதலாக வாக்களித்ததே 1996-இல் என்ற விஷயம் அப்போதுதான் பரவலாகச் செய்தியில் வந்தது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 1962-இல் ராணுவத்தில் சேர்ந்து, 1965 போரில் இருந்து, 1971-இல் வீடு திரும்பிய மனிதர். அவர் சாகும் வரைக்கும் அவர் குடியிருப்பின் பெயரோடு அவர் பெயரைச் சேர்த்து எழுதிய வாக்காளர் பட்டியல் கிடையாது, பட்டா கிடையாது. நாட்டுக்காகத் துப்பாக்கி தூக்கியவர் என்று சொல்லும் ஒரே காகிதம் அவரை வேறு ஊர்க்காரர் என்கிறது. எங்கள் ஊர் கிராம நிர்வாக அலுவலரிடம் கேட்டால், அப்படி ஒரு ஆள் இங்கே இருந்ததே இல்லை என்பார். அதுவும் உண்மை.

அமெரிக்காவில் இதைவிடப் பெரிய அளவில் நடந்திருக்கிறது. 1973 ஜூலை 12 அன்று செயிண்ட் லூயிஸ் அருகே இருந்த ராணுவ ஆவணக் காப்பகத்தின் ஆறாம் மாடி தீப்பிடித்தது. 1.6 கோடியிலிருந்து 1.8 கோடி வரை கோப்புகள் போயின. 1912 முதல் 1960 வரை விலகிய தரைப்படை வீரர்களின் கோப்புகளில் 80 சதவீதம். விமானப்படையில் 1947-க்கும் 1964-க்கும் நடுவில் விலகியவர்களில், அகர வரிசையில் ஹப்பர்ட், ஜேம்ஸ் ஈ. என்ற பெயருக்கு அப்புறம் வருகிறவர்களில் 75 சதவீதம். பெயரின் முதல் எழுத்து யாருடைய வரலாறு பிழைக்கும் என்பதை முடிவு செய்தது. பிரதி எடுத்து வைக்கவில்லை, பட்டியலும் இல்லை. பேக்கப் எடுக்காத கம்பெனிகளைப் பார்த்து நான் கத்தும்போதெல்லாம் சொல்லும் கதை இது.

ஆனால் அதற்குப் பிறகு அவர்கள் செய்ததுதான் எனக்கு முக்கியமாகப்பட்டது. சம்பளப் பட்டியல், மருத்துவமனைக் குறிப்பு, முகாமின் தினசரி வருகைப் பதிவு என்று சிதறிக் கிடந்தவற்றிலிருந்து ஒவ்வொரு ஆளின் பணியையும் திரும்பக் கட்டினார்கள். இன்றும் கட்டுகிறார்கள். 1946-இலேயே ராணுவ ஆவணத் திருத்தத்துக்கென்று வாரியங்கள் அமைக்கச் சட்டம் போட்டிருந்தார்கள். அதுவரை ஒரு சிப்பாயின் ஆவணத்தைத் திருத்த நாடாளுமன்றத்தில் தனி மசோதா கொண்டுவர வேண்டியிருந்தது. 2023 நவம்பரில், அப்படியொரு வாரியத்தின் பரிந்துரைப்படி, 1917 ஹூஸ்டன் கலகத்துக்காகத் தண்டிக்கப்பட்ட 110 கறுப்பினச் சிப்பாய்களின் தண்டனையை ரத்து செய்தார்கள். அதில் 19 பேர் தூக்கிலிடப்பட்டவர்கள். அவர்கள் ஆவணத்தில் இப்போது மரியாதையோடு விடுவிக்கப்பட்டவர் என்று இருக்கிறது. தூக்கில் போட்டு 106 வருஷம் கழித்து.

நம்மிடம் அப்படித் தனி வாரியம் இல்லை. துறைக்கு மனு, அதற்கு மேல் 2009-இல் தொடங்கிய ஆயுதப்படைத் தீர்ப்பாயம். சென்னையிலும் அதன் அமர்வு உண்டு. மலையிலிருந்து சென்னைக்கு ஒரு தடவை போய்வர மகனுக்கு இரண்டு நாள் கூலி போகும்.

*

ஆயாவின் திருத்தம் 2021 ஆகஸ்டில் வந்தது. கொரிஜெண்டம் பிபிஓ என்று ஒரு தாள். ராணுவத்தில் எதையும் அடித்துத் திருத்துவதில்லை என்பது எனக்குப் பிடித்த விஷயம். பழைய ஆணை அப்படியே இருக்கும். அதன் எண்ணைச் சொல்லி, இதற்குப் பதில் இதைப் படிக்கவும் என்று புது ஆணை வரும். மென்பொருளில் நாங்கள் பெரிய கண்டுபிடிப்பு மாதிரி பேசும் முறை இது. குதிரைக்கு லாடம் அடித்த காலத்திலிருந்து கிளார்க்குகள் செய்துவருகிறார்கள்.

தாளில் இருந்ததைத் தமிழில் சொன்னேன். பாப்பா என்பதற்குப் பதில் இன்னார் என்று படிக்கவும். நிலுவை முழுவதும் வரும் என்றேன். ஆயா தாளை வாங்கி, எழுதப் படிக்கத் தெரியாவிட்டாலும், கொஞ்ச நேரம் பார்த்தார்.

"அப்ப அந்தப் பேரை எடுத்துட்டாங்களா?"

"எடுக்கல ஆயா. பழைய காயிதத்துல அப்டியே இருக்கும். பக்கத்துல இதை வெச்சிருப்பாங்க."

"இருக்கட்டும், இருக்கட்டும்" என்றார். தாளை மடித்து மஞ்சள் பையில் வைத்துக்கொண்டார்.

மலைக்காரரின் விஷயத்தில் எங்களுக்கு ஒரு சாட்சி வேண்டியிருந்தது. இவர் இந்தக் குடியிருப்புக்காரர் என்று அந்தக் காலத்திலேயே எழுதப்பட்ட ஏதாவது. பள்ளிக்கூடம் போனதில்லை. கோயில் கணக்கு இல்லை. தாத்தா இருந்திருந்தால் சத்தியப் பத்திரம் கொடுத்திருப்பார். ஒரு மாலை இரும்புப் பெட்டியின் அடியில், டிஸ்சார்ஜ் புக்குக்கும் பழைய கம்பளிக்கும் நடுவில், ஒரு போட்டோ கிடைத்தது. ஸ்டூடியோவில் எடுத்தது, பின்னால் வரைந்த தாஜ்மகால், தொப்பியோடு இரண்டு பேர். பின்புறம் தாத்தாவின் கையெழுத்தில் வருஷம் 1964, கீழே இரண்டு பேரின் பெயரும் ஊரும். தன் ஊருக்கு நேரே எங்கள் ஊர். அவர் பெயருக்கு நேரே, எந்தக் கிளார்க்கும் எழுதாத அந்தக் குடியிருப்பின் பெயர்.

இது சான்றாகுமா என்று கேட்க ஒரு வக்கீலிடம் போனோம். தனியாகச் செல்லாது, மற்றதோடு சேர்த்து வைக்கலாம் என்றார். ஊர் நாட்டார் இரண்டு பேரின் உறுதிமொழி, தாசில்தாரின் விசாரணை அறிக்கை, தாத்தா பெயர் இருக்கும் அதே தேதியின் சேர்க்கைப் பட்டியலைக் கேட்டு ஒரு மனு, கூடவே இந்தப் போட்டோவின் இரண்டு பக்கப் பிரதி. எல்லாவற்றையும் கட்டி 2022 மார்ச்சில் பதிவுத் தபாலில் அனுப்பினோம். கேள்விகள் வந்தன, பதில் எழுதினோம். தாசில்தார் அலுவலகம் இப்போது வெள்ளிமலையிலேயே இருப்பதால் அந்த அலைச்சல் மட்டும் குறைந்தது. போன மாதம் வந்த கடிதத்தில் போட்டோவின் அசலைக் காட்டச் சொல்லியிருக்கிறார்கள்.

மகன் அதை வாங்கிப்போக வந்தார். நான் பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கொடுத்தேன். ஆயா உள்ளேயிருந்து வந்து, உறையிலிருந்து போட்டோவை வெளியே எடுத்து ஒரு தடவை பார்த்துவிட்டு, "உங்கப்பன்தான் நல்லா நிக்கிறான், இவுரு பாரு, கண்ணை மூடிக்கினாரு" என்று அவரிடம் திருப்பிக் கொடுத்தார்.